போன் அவளுக்கு, கடிதம் நமக்கு

ஜூன் 9

மிளகின் அப்பாவுக்கு,

வந்து சேர்ந்துவிட்டோம். இரண்டு பகல், இரண்டு இரவு. இறங்கியதும் உங்கள் மகள் கேட்டாள், "இதுக்கு மேல ரயில் போகாதாம்மா?" போகாது, தண்டவாளம் இங்கேயே முடிகிறது என்றேன். போய் அந்த முனையைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் பையைத் தூக்கினாள்.

முதலில் நாம் பேசி முடித்ததை எழுதிவிடுகிறேன். அப்புறம் நான் அப்படிச் சொல்லவில்லை, நீ இப்படிச் சொல்லவில்லை என்று ஆரம்பிக்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் போன் வரும். அது மிளகுக்கு மட்டும். நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் குரல் உயருகிறது, நான்காவது நிமிடம் அவள் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள். அதனால் போன் அவளுக்கு, கடிதம் நமக்கு. இந்தப் பள்ளி ஆண்டு முழுவதும் அவள் என்னோடு. ஆண்டு முடிந்ததும் இங்கே இருப்பதா, உங்களிடம் திரும்புவதா என்று அவளே சொல்லட்டும். அதுவரை நீங்களும் இழுக்கக் கூடாது, நானும் இழுக்கக் கூடாது. சொன்னது நீங்கள், தலையாட்டியது நான். எட்டு வயசுப் பிள்ளை சொல்கிறபடி நடப்பது என்று இரண்டு பெரியவர்கள் முடிவு செய்திருக்கிறோம், நல்ல கூத்து.

வீடு இரண்டாம் மாடி. ஒரே நீள அறை, நடுவில் இடுப்புயரச் சுவர். அந்தப் பக்கம் சமையல், இந்தப் பக்கம் எல்லாம். ஜன்னலுக்குக் கீழேதான் பேருந்துகள் திரும்புகின்றன. காலை ஐந்தரைக்கு முதல் வண்டி பின்னால் வரும்போது ஒருவர் விசில் ஊதிக்கொண்டே இருக்கிறார். காற்று எந்நேரமும் அடிக்கிறது. துணிக்கு நாலு கிளிப் போட்டும் உங்கள் மகளின் ஒரு சாக்ஸ் எதிர்வீட்டுக்குப் போய்விட்டது.

வேலை செய்யும் இடம் பெரியது. பழைய இடத்தில் ஆறு பேர் முட்டிக்கொண்டு பல் செட் செய்தோமே, இங்கே பதினான்கு பேர். பாதிப் பல்லை இயந்திரமே கடைந்து கொடுத்துவிடுகிறது. முன்பல் ஆறும் மட்டும் இன்னும் கையால் மெழுகில் அடுக்க வேண்டியிருக்கிறது. அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதலாளி ஒரு தாடை அச்சைக் கொடுத்து, செய் என்று கையால் காட்டினார். செய்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், அப்புறம் தன் பல்லைக் காட்டிச் சிரித்தார். மொழி தெரியாத ஊரில் அதுவே பெரிய விஷயம்.

நீங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரியில் மூன்றாம் நம்பர் லிஃப்ட் நின்றுவிட்டது என்று வாட்ச்மேனிடம் சொல்லி அனுப்பினீர்கள். வண்டி கிளம்பும்வரை அவள் ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள், கன்னத்தில் கோடு விழுந்துவிட்டது. வேண்டாம், இதை ஆரம்பிக்க மாட்டேன்.

மிளகின் அம்மா


ஜூன் 20

பல்லழகிக்கு,

கடிதம் ஒன்பது நாளில் வந்தது. தபால்காரரிடம் கேட்டேன், அவ்வளவுதான் ஆகும் என்கிறார். அப்படியென்றால் நீ ஒரு கேள்வி கேட்டு நான் பதில் சொல்லி அது உன் கைக்கு வர இருபது நாள். சண்டை போடுவதற்கு நல்ல தூரம்தான்.

மூன்றாம் நம்பர் நின்றது பொய்யில்லை. உள்ளே ஸ்ட்ரெச்சரில் ஒரு அம்மா, அவங்க தம்பி, ஒரு நர்ஸ். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தொங்கியது. மொட்டைமாடி மோட்டார் அறைக்கு ஓடி, பிரேக்கைக் கையால் விட்டு விட்டு, விரற்கடை விரற்கடையாக இறக்கினேன். நாற்பது நிமிடம். கதவு திறந்ததும் அந்தத் தம்பி என் காலைத் தொடப் போனான். இதெல்லாம் நடந்தது. ஆனால், ஸ்டேஷனுக்குப் போகாமல் இருக்க ஒரு காரணம் கிடைத்ததே என்று மனசில் ஒரு மூலையில் நிம்மதியாகவும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். திட்டுவதென்றால் இதற்குத் திட்டு, லிஃப்டைத் திட்டாதே.

"யார் வாயிலேயோ மாட்டுற பல்லுக்காக ஊரை விட்டுப் போறியா"ன்னு கிளம்புவதற்கு முந்தின நாள் கத்தினேன் இல்லையா, அதில் பாதியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மீதிப் பாதி இன்னும் அப்படியே இருக்கிறது.

வீட்டில் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் சமையலறையில் ஏதோ வேலை இருப்பது மாதிரி எழுந்து போகிறேன். அங்கே போனால் ஒன்றுமில்லை. திரும்பி வருகிறேன். ஆறு லிஃப்டும் ஏறி இறங்குவது போதாதென்று நானும் நடக்கிறேன்.

மிளகு போனில் நன்றாகப் பேசுகிறாள். ஸ்கூல் சூப்பராம், டீச்சர் சூப்பராம், வீடு சூப்பராம். கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறது, ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற மாதிரி. சந்தோஷம்தான். இருந்தாலும் ஒரு தடவையாவது போரடிக்குதுப்பா என்று சொல்லியிருக்கலாம்.

இப்படிக்கு,
லிஃப்ட்காரன்


ஜூலை 14

மிளகின் அப்பாவுக்கு,

பாதியைத் திரும்ப வாங்கிக்கொண்டதற்கு ரொம்ப நன்றி. மீதிப் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத் துணையாக இருக்கும்.

இங்கே கட்டிலை மூன்று தடவை இடம் மாற்றிவிட்டேன். ஜன்னல் ஓரம் போட்டால் விசில். சுவர் ஓரம் போட்டால் பக்கத்து வீட்டுக் குழாய். நடுவில் போட்டால் ரயிலில் படுத்திருப்பது மாதிரி இருக்கிறதாம், மிளகு சொல்கிறாள். சாயங்காலம் இரண்டு பேரும் தெருக் கோடிவரை போய்த் திரும்புகிறோம். திரும்பி வந்ததும் இன்னொரு தடவை போகலாமா என்கிறாள். போகிறோம். எனக்கும் வீட்டுக்குள் வர மனசில்லை.

அவளுக்கு இந்த ஊர் மொழி ஒரே மாதத்தில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்றே தெரியவில்லை, ஜலதோஷம் பிடிக்கிற மாதிரி பிடித்துவிட்டது. எனக்குத் தண்ணீர், உப்பு, போதும், இவ்வளவுதான். எல்லாவற்றுக்கும் அவள்தான் வர வேண்டும். கீழ்வீட்டு அம்மா இரண்டு நிமிடம் மூச்சுவிடாமல் பேசுகிறார். நான் மகளைப் பார்க்கிறேன். "தண்ணி மோட்டார் போட்டுட்டாங்களாம்" என்கிறாள். இரண்டு நிமிடப் பேச்சு இவ்வளவுதானா? "அவ்ளோதாம்மா." பால்காரர், மருந்துக்கடைக்காரர், மின்சாரம் பார்க்க வந்தவர் எல்லாரும் அவளிடம் குனிந்து பேசுகிறார்கள். நான் பக்கத்தில் பொட்டலம் மாதிரி நிற்கிறேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் பேசும்போது நான் இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, வீடே அவ்வளவுதான். அவள் குரலைத் தாழ்த்தி, "சரிப்பா, சொல்ல மாட்டேன்" என்றாள். எதைச் சொல்ல மாட்டாள்? யாரிடம்? போனை வைத்ததும் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாள், மத்தியானம் சாப்பிடவில்லை. அவளை இழுக்கிறீர்களா? அங்கே திரும்பி வரச் சொல்லி ரகசியமாக ஏதாவது ஓதுகிறீர்களா? இழுக்கக் கூடாது என்று பேசியிருக்கிறோம். நான் ஒரு வார்த்தை அவளிடம் இந்த ஊர் நல்ல ஊர் என்று சொல்லியிருந்தால் என் வாய் வெந்து போகட்டும்.

நேராகப் பதில் எழுதுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம்.

மி. அம்மா


ஜூலை 26

மிளகின் அம்மாவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைக் குறை சொல். ஆஸ்பத்திரி கவுண்டரில் கயிறு கட்டி வைத்திருக்கிற பேனா.

நான் இழுக்கவில்லை. நீ நம்பு, நம்பாமல் போ. அப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் ஒரு விஷயம் இருக்கக் கூடாதா? பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. அதைக் கேட்டு அவளைக் குடையாதே.

உனக்கும் அவளுக்கும் இல்லையா? நானும் கேட்கிறேன். போன மாசம் ஒரு ஞாயிறு திடீரென்று, "அப்பா, கீழ விழுந்தா முட்டி எத்தனை நாள்ல சரியாகும்?" என்றாள். யாருடா விழுந்தது என்றேன். "யாரும் இல்ல, சும்மா கேட்டேன்." அப்புறம், "ஒருத்தங்க செஞ்சதை முதலாளி தூக்கிப் போட்டா, வேலை போயிடுமாப்பா?" அதுவும் சும்மாவாம். சும்மா கேட்கிற கேள்வியா இது? அங்கே என்ன நடக்கிறது? என் காதில் எதுவும் விழக் கூடாது என்று நீதான் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறாயா?

கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. கிழித்துவிட்டு மறுபடி எழுத முடியாது, எழுதுவதே சிரமமாக இருக்கிறது.

நேற்று வேலை முடிந்து அவளுடைய பழைய ஸ்கூல் வழியாக நடந்தேன். ஒரு காரணமும் இல்லை. கேட்டில் நின்ற காவலாளி "பாப்பா இன்னிக்கு வரலையா சார்?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இதுவரை புரியவில்லை.

லி.


ஆகஸ்ட் 24

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுத நான்கு தடவை உட்கார்ந்தேன். நான்கும் வசவாகவே வந்தது, அடுப்பில் போட்டேன். இதை முழுசாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் பள்ளியில் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனேன். டீச்சர் நல்ல பெண், சின்ன வயசு. என் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசினார். நடுவில் மிளகு நின்றாள், எப்போதும் போல மொழிபெயர்க்க. "நல்லா படிக்கிறேனாம்." டீச்சர் மறுபடி பேசினார், முகம் என்னவோ போல் இருந்தது. "கணக்குல ஃபர்ஸ்டாம். கையெழுத்து அழகா இருக்காம்." நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். டீச்சர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். போகும்போது அவளுடைய டைரியில் ஏதோ எழுதி, அதை என் கையிலேயே கொடுத்தார்.

எங்கள் இடத்தில் பல் செட்டுக்கு மெருகு போடும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயசில் நம் பக்கம் இருந்தவள், நம் மொழி கொஞ்சம் தெரியும். மறுநாள் அவளிடம் அந்த டைரியைக் காட்டினேன், என் மகளைப் பற்றி என்ன பெருமையாக எழுதியிருக்கிறது படித்துச் சொல்லு என்று. அவள் படித்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். பள்ளி திறந்ததிலிருந்து ஒவ்வொரு திங்கட்கிழமையும் மிளகு வயிற்றுவலி என்று நோயாளி அறையில் படுத்துக்கொள்கிறாளாம். வகுப்பில் கேட்டதற்கு மட்டும் பதில், மற்றபடி வாயே திறப்பதில்லையாம். இதை நேரில் சொல்லியும் அம்மா சிரித்தது தங்களுக்கு வருத்தமாக இருக்கிறதாம்.

நான் அந்த டீச்சருக்கு முன்னால் சிரித்தேன். நினைத்தால் உடம்பு கூசுகிறது.

டாக்டரிடம் கூட்டிப்போனேன், மெருகுக்காரி துணைக்கு வந்தாள். அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். வயிற்றில் ஒன்றுமில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து ஏன்டி இப்படிப் பொய் சொன்னே என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். உட்கார்ந்தவள் அப்படியே உடைந்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா கைவிரல் நசுங்கினதை உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. நீ படியில விழுந்ததை அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு நீ சொன்னே. முதலாளி உன் பல்லைத் தூக்கிப் போட்டதைச் சொல்லக் கூடாது. நீ அழுததைச் சொல்லக் கூடாது. அப்பா என் பழைய ஸ்கூலுக்குப் போனதைச் சொல்லக் கூடாது. எதை யார்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு மறந்து மறந்து போகுதும்மா. அதான் எல்லாத்துக்கும் சூப்பர்னு சொல்லிடறேன்."

இதற்கு நான் என்ன சொல்ல? சொல்லுங்கள், நீங்கள்தான் ஏதாவது சொல்லுங்கள்.

ஆமாம், விழுந்தேன். வந்த முதல் வாரமே, கையில் மண்ணெண்ணெய் கேனோடு. முட்டி வீங்கிப் பத்து நாள் நொண்டினேன். ஆமாம், நான் செய்த ஒரு செட்டை முதலாளி எல்லாருக்கும் முன்னால் குப்பையில் போட்டார். அப்பாகிட்ட சொல்லிடாதே, கவலைப்படுவார் என்று அவளிடம் சொன்னேன். கவலையாவது மண்ணாவது. நான் சொன்னேனே கேட்டியா என்று நீங்கள் உள்ளுக்குள் சிரிப்பீர்கள் என்று பயம், அதுதான் உண்மை.

விரல் நசுங்கியதா? எந்த விரல்? எத்தனை? எப்படி? போனை எடுத்து எண்ணையும் அழுத்திவிட்டேன். எடுத்ததும் கத்துவேன் என்று எனக்கே தெரிந்தது. அவள் கட்டிலில் படுத்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டேன். பேனாவாம், கயிறாம்! இப்படியா ஒரு மனுஷன் பொய் எழுதுவான்?

உடனே எழுதுங்கள்.

மி. அம்மா


செப்டம்பர் 4

பல்லழகிக்கு,

வலது கை. ஆள்காட்டி விரல், நடுவிரல். மூன்றாம் நம்பர் கதவை இழுக்கும் பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரல் நுனியில் எலும்பு விரிசல், நடுவிரலில் நகம் போனது. இப்போது மடக்க வருகிறது, ஸ்க்ரூ முடுக்கத்தான் வராது. நல்ல வேளை, ஆஸ்பத்திரியிலேயே வேலை. மூன்று மாடி இறங்கினால் கட்டுப் போடும் அறை. என் லிஃப்டிலேயே போனேன்.

எப்படி என்று கேட்டாயே. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மணி பத்தாகப் போகிறது, மிளகுக்குப் போன் செய்ய வேண்டும், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று மின்சாரத்தை அணைக்காமல் கையை விட்டேன். இருபது வருஷமாக மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். கட்டுப் போடும்போதே பத்து மணிக்குப் போன் செய்தேன். நர்ஸ் "கையை ஆட்டாதீங்க சார், ரத்தம் வருது"ன்னு கத்தியது மிளகு காதில் விழுந்துவிட்டது. என்னப்பா, என்னப்பா என்று அழுதாள். ஒன்றுமில்லடா, அம்மாவிடம் சொல்லாதே என்றேன். அந்தப் பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டு நீ கேட்டது அதைத்தான்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். நீ ஊரை விட்டுப் போன ஒரு மாதத்திலேயே கையை உடைத்துக்கொண்டான், பொண்டாட்டி இல்லாமல் ஒரு லிஃப்டைக்கூட ஒழுங்காகப் பார்க்கத் தெரியவில்லை என்று நீ நினைப்பாய் என்று. நீயும் என்னைப் போலவே யோசித்திருக்கிறாய். நல்ல ஜோடி.

அவள் சொன்னதை எழுதியிருந்தாயே, அதை நான் மோட்டார் அறையில் உட்கார்ந்து படித்தேன். கீழே நாலாம் நம்பர் நின்றுவிட்டது என்று பெல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்திருக்க முடியவில்லை. அவள் முன்னால் சண்டை வேண்டாம் என்றுதானே போன் அவளுக்கு, கடிதம் நமக்கு என்று வைத்தோம். சண்டையைத் தபாலில் அனுப்பிவிட்டு மூட்டையை அவள் தலையில் வைத்திருக்கிறோம்.

இன்னொன்று. இதையெல்லாம்விட அதுதான் பெரிய மூட்டை என்று தோன்றுகிறது. ஆண்டு முடிவில் அவளே சொல்லட்டும் என்றோமே. நான் போன ஞாயிறு மெதுவாகக் கேட்டேன், வயிறு எதனால்டா வலிக்குது என்று. அதற்கு, "மார்ச் மாசம் வராம இருக்குமாப்பா?" என்றாள்.

அதை எடுத்துவிடலாம். அவள் சொல்ல வேண்டாம். நாம் சொல்லுவோம்.

எனக்கு அவள் வேணும். மறைத்து என்ன ஆகப்போகிறது? சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து காலை ஆட்டி ஆட்டி மேசையை உதைப்பாளே, அந்தச் சத்தம் இல்லாமல் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. ஆனால் நீ சொல். நீ என்ன சொன்னாலும் சரி.

லிஃப்ட்காரன்


செப்டம்பர் 14

மிளகின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், கடைசி வரி வந்ததும் எரிச்சல் வந்தது. நீ என்ன சொன்னாலும் சரியாம்! எட்டு வயசுப் பிள்ளை தலையிலிருந்து எடுத்து அப்படியே என் தலையில் கட்டுகிறீர்கள். இங்கே வர மாட்டேன் என்று சொன்னபோதும் இதையேதான் செய்தீர்கள். நீ போ, நீ போகாதே என்று எதுவும் சொல்லாமல் தினமும் லிஃப்டைப் பற்றியே பேசினீர்கள்.

எனக்கும் அவள் வேணும். காலையில் தலை பின்னும்போது அவள் பின்னங்கழுத்தில் ஒரு மணம் வருமே, அதற்காகவே நான் எழுந்திருக்கிறேன். மூன்று நாள் முன்னால் அவளுடைய பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினேன், அனுப்பிவிடலாம், அங்கே எல்லாம் தெரிந்த இடம், வயிறாவது வலிக்காது என்று. பாதியில் அவள் வந்து பார்த்தாள். அடுக்கியதை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அங்கே போக இஷ்டமில்லையா என்று கேட்டேன். "இஷ்டம்தான்" என்றாள். அப்போ எதுக்கு எடுத்து வைக்கிறே? "இதுவும் இஷ்டம்தான்." இப்படி ஒரு குழந்தையிடம் எதைக் கேட்பது?

கேட்டால் வயிறு வலிக்கிறது. கேட்காமல் நாம் சொன்னால் கோபம் வரும். எந்தப் பக்கம் சொன்னாலும் வரும், உங்கள் மகள், வராமல் இருக்குமா? அந்தக் கோபம் யார் மேல் விழுவது? அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த ஊரில் எனக்கு வாயும் காதும் அவள்தான். அவள் என்னோடு பேசாமல் இருந்தால் நான் செத்தேன். சுயநலம்தான். எழுதிவிட்டேன்.

விரலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று சொல்லி ஏமாற்றாதீர்கள்.

மி. அம்மா


செப்டம்பர் 24

பல்லழகிக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன். முடிவு செய்துவிட்டேன்.

அவள் அங்கேயே இருக்கட்டும். ஒரு வருஷத்துக்கு இல்லை, அஞ்சாம் வகுப்பு முடிகிறவரை. இங்கே வந்தால் ஆஸ்பத்திரியில் எப்போது பெல் அடித்தாலும் நான் ஓடுவேன், அவள் கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக இருப்பாள். ஒரு தடவை பள்ளி மாறியதற்கே இந்தப் பாடு, மறுபடியும் மாற்ற வேண்டாம். இதெல்லாம் காரணம். காரணம் எழுதுவது சுலபமாக இருக்கிறது, அடுத்ததுதான் கஷ்டம்.

நான் ஏன் அங்கே வரவில்லை என்று நீ கேட்டதே இல்லை. லிஃப்ட் இல்லை காரணம். அந்த ஊரில் நான் மகள் விரலைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகிற ஆளாகிவிடுவேன் என்று பயம். நீ அதைச் செய்துகொண்டிருக்கிறாய். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் உனக்குத்தான் எழுதுவேன். ஆனால் அதற்காக அவளைக் காக்க வைக்க முடியாது.

இப்போது நன்றாகக் கேள். உனக்கும் இது சம்மதமென்றால், இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை போனை நீ எடு. "கடிதம் வந்தது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவளிடம் கொடு. நான் அவளிடம் சொல்கிறேன், நீ அங்கேதான் இருக்கணும், அப்பா முடிவு பண்ணிட்டேன், அம்மாவைக் கேட்கவே இல்லை என்று. அவள் கத்துவாள், அப்பாவுக்கு நான் வேண்டாமா என்று கேட்பாள். கேட்கட்டும். நீ எனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசக் கூடாது. அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான் என்று அவள் பக்கம் நில். நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறேன், எவ்வளவு கோபத்தையும் தாங்குவேன். நீ ஒரே அறையில் இருக்கிறாய்.

நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம் என்று என்றைக்காவது பெரியவளாகி அவளுக்குத் தெரியட்டும். இப்போது வேண்டாம். அவளிடம் இதை மட்டும் மறைப்போம். இது நம் மூட்டை, நாம் தூக்குவோம்.

லிஃப்ட்காரன்


அக்டோபர் 11

என்னவருக்கு,

இப்படி எழுதி எவ்வளவு நாளாகிவிட்டது. போகட்டும், எழுதியதை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

"கடிதம் வந்தது" என்று நான் சொன்னபோது நீங்கள் "சரிம்மா" என்றீர்கள். நாலு மாதத்துக்கு அப்புறம் உங்கள் குரல். உடனே அவளிடம் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் பேசியது எனக்குக் கேட்கவில்லை. அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் புரியாத மாதிரி இருந்தாள். அப்புறம் எழுந்து நின்றாள். "என்னைக் கேட்காம நீங்க எப்படிச் சொல்லலாம்?" என்றாள். நீங்கள் என்ன சொன்னீர்களோ, மூச்சு வாங்கியது. "நீங்க ரொம்ப மோசம்ப்பா. உங்களை எனக்குப் பிடிக்கவே இல்ல. இனிமே போன் பண்ணாதீங்க!" போனைக் கட்டிலில் எறிந்தாள். நீங்கள் அந்தப் பக்கம் வைக்காமலேயே இருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். நான்தான் எடுத்து அணைத்தேன்.

ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்பாவுக்கு நான் வேண்டாமாம்மா என்று கேட்டாள். அந்த இடத்தில் நான் கிட்டத்தட்ட உளறியிருப்பேன். உங்கள் சோறு இறங்காத கதையை, மோட்டார் அறையில் உட்கார்ந்திருந்ததை, எல்லாவற்றையும் கொட்ட நாக்கு நுனிவரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்பா அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுதான்டி என்றேன். இவ்வளவு பெரிய பொய்யை வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.

கொஞ்ச நேரத்தில் பசிக்கிறது என்றாள். இரண்டு தட்டு சாப்பிட்டாள், மூன்றாவது தடவையும் கேட்டாள். சாப்பிடும்போதே உங்களைத் திட்டினாள், வாயில் சோற்றோடு. மத்தியானம் படுத்தவள் சாயங்காலம்வரை தூங்கினாள். எழுந்து வயிறு வலிக்கிறது என்று சொல்லவில்லை. திங்கட்கிழமையும் சொல்லவில்லை.

நேற்று மாலை பள்ளியிலிருந்து ஒரு பெண்ணை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். முதல் தடவை. இரண்டு பேரும் மாடிப்படியில் உட்கார்ந்து இந்த ஊர் மொழியில் ஒரு மணி நேரம் பேசினார்கள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் "அப்பா" என்பது மட்டும் நம் வார்த்தையாகவே வந்துகொண்டிருந்தது. அவள் சொல்லச் சொல்ல அந்தப் பெண் ச்சு ச்சு என்றாள், பிறகு அவளும் தன் அப்பாவைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். கையை நீட்டி, விரலை ஆட்டி, உங்கள் மகள் உங்களை நார் நாராகக் கிழித்தாள். அவள் இந்த ஊரில் யாரிடமும் இவ்வளவு பேசி நான் பார்த்ததில்லை. நான் கதவுக்குப் பின்னால் நின்று கடைசிவரை கேட்டேன்.

விரல் எப்படி இருக்கிறது? விடுமுறைக்கு வாருங்கள். உங்களிடம் பேச மாட்டாள், முதல் இரண்டு நாளாவது முகத்தைத் திருப்பிக்கொள்வாள், நிறைய வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள். என்னிடம் பரிவை எதிர்பார்க்காதீர்கள். நான் அவள் பக்கம்தான் நிற்பேன். நீங்கள் சொன்னபடி.

உங்கள்
பல்லழகி